அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்

மார்ச் 4, புதன்

இன்றும் மூன்று ஜோடிகளைக் கப்பல் ஏற்றிவிட்டேன். நான் மட்டும் அதே நாற்காலியில். இருபத்தாறு வருஷமாகக் கப்பல் பயணம் விற்கிறேன், இதுவரை ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொல்வதில்லை.

மாலையில் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். ஜூன் கடைசியோடு நான் ஓய்வு பெறுகிறேன் அல்லவா, அதற்கு ஆபீஸ் சார்பில் எனக்கு ஒரு கப்பல் பயணமாம். "பெரிய கப்பலோ, சின்னக் கப்பலோ, நீங்களே தேர்ந்தெடுங்கம்மா. உங்களுக்குத் தெரியாததா?" என்றார். பக்கத்து மேசை அவசரக்குடுக்கை கையைத் தட்டிக் குதித்தாள். அவளுக்கு நான் வைத்த பெயர் அது. கஸ்டமர் வாயைத் திறப்பதற்குள் டிக்கெட் போட்டுவிடுவாள், பிறகு உட்கார்ந்து ரத்து செய்வாள். நல்ல பெண்தான்.

"பெரிசுதான்க்கா! பதினோரு மாடி! உள்ளேயே நாடகக் கொட்டகை!"

பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 9, திங்கள்

சாப்பாட்டு மேசையில் இரண்டு விளம்பரப் புத்தகங்கள். பெரியதில் நாலாயிரம் பேர், ஒன்பது உணவகம், நீச்சல் குளம் மட்டும் ஐந்து. சின்னதில் மொத்தமே அறுபத்து நாலு பேர். ஒரே சாப்பாட்டு அறை. பெரிய கப்பல் நுழைய முடியாத தீவுகளுக்கு ரப்பர் படகில் கூட்டிப்போவார்கள்.

கஸ்டமர்களிடம் கேட்பதையே என்னிடம் கேட்டுப் பார்த்தேன். கூட்டம் பிடிக்குமா, அமைதி பிடிக்குமா? அமைதி. சரி. ராத்திரி நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிடப் போவீர்களா? அதெல்லாம் இல்லை. சரி. யாரோடு போகிறீர்கள்?

எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

பெரியது. முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 18, புதன்

பல் டாக்டர் வந்தார். மனைவி போனபிறகு தனியாகப் பயணம் போகிற மனிதர். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் சின்னக் கப்பலில் போனார். திரும்பி வந்ததும் புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஒரு நாள் காலையில சாப்பிடப் போகலம்மா. படுத்தே கிடந்தேன். கால் மணி நேரத்துல கதவைத் தட்டிட்டாங்க! சமையல்காரரே வந்து நிக்கறாரு, 'என்ன சார், உடம்பு சரியில்லையா'ன்னு. என்ன இம்சை பாருங்க!"

இம்சை என்று சொல்லிக்கொண்டே அடுத்த வருஷத்துக்கும் அதே கப்பலில் போட்டுவிட்டுப் போனார்.

அப்படிக் கதவைத் தட்டினால் எனக்குப் பிடிக்காது. வாசலில் நின்று நலம் விசாரித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பெரிய கப்பல்தான் சரி. யார் கண்ணிலும் படாமல் பத்து நாள் இருந்துவிட்டு வரலாம்.

மார்ச் 22, ஞாயிறு

எழுதவே கூடாது என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரியில் குளியலறையில் விழுந்தேன். பெரிய அடி ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு மடங்கவே மாட்டேன் என்றது. போன் படுக்கையில். நாற்பது நிமிஷம் தரையில் கிடந்தேன். பக்கத்து வீட்டில் யாரோ டிவி பார்த்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. கத்தலாமா என்று நினைத்தேன், வெட்கமாக இருந்தது. என்ன வெட்கம்? செத்துப்போனா வெட்கப்பட யாரு இருப்பா?

மறுநாள் ஆபீஸ் போனேன். "என்னக்கா, ஒரு மாதிரி நடக்கறீங்க?" என்றாள் அவசரக்குடுக்கை. புதுச் செருப்பு என்றேன்.

நான் விழுந்தது வியாழக்கிழமை. எழுந்திருக்க முடியாமலே போயிருந்தால் எப்போது தெரிந்திருக்கும்? வெள்ளி லீவு என்று நினைத்திருப்பார்கள். சனி, ஞாயிறு ஆபீஸ் கிடையாது. திங்கள் மதியம் முதலாளி போன் செய்திருப்பார், டிக்கெட் விஷயமாக.

போதும்.

மார்ச் 28, சனி

துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் வந்திருக்கிறது. எங்களைப் போன்ற ஏஜென்ட்டுகளை வேனில் அழைத்துப்போய் உள்ளே சுற்றிக் காட்டினார்கள். சும்மா சொல்லக் கூடாது, அரண்மனைதான். படிக்கட்டெல்லாம் கண்ணாடி. லிஃப்டில் ஏறினால் எந்த மாடி என்றே தெரியாது, கிழமையைத்தான் தரையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாள் மறந்துபோகுமாம். தினம் ராத்திரி அந்தத் தரைவிரிப்பை மாற்றுவதற்கென்றே ஒரு ஆள்.

ஏழாம் மாடியில் ஜன்னல் ஓரமாகக் கொஞ்சம் நின்றேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் கூட்டத்தைக் காணோம். அரை மணி நேரம் தேடினேன். எதிரில் வந்த சிப்பந்திகள் எல்லோரும் அழகாகச் சிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. ஒருவரும் "யாரைத் தேடறீங்க" என்று கேட்கவில்லை. கடைசியில் வாசலைக் கண்டுபிடித்து வெளியே வந்தால் வேன் போய்விட்டது!

டாக்சி பிடித்து வந்தேன். அவசரக்குடுக்கைக்குப் போன் செய்து காய்ச்சினேன். "ஐயோ அக்கா, நீங்க முன் சீட்டுல இருக்கீங்கன்னு நெனச்சேன்! கைடு தலையை எண்ணினாரே, சரியாத்தானே இருந்துச்சு!"

டிரைவரையும் சேர்த்து எண்ணியிருக்கிறார் மகராசன்.

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். போனை வைத்தபிறகு சிரிப்பு நிற்கவில்லை, பிறகு அது சிரிப்பாகவும் இல்லை.

மார்ச் 30, திங்கள்

சின்னது. படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன். இருபத்தாறு வருஷப் பழக்கம், மூன்று நிமிஷத்தில் முடிந்தது.

ஏப்ரல் 8, புதன்

இன்றைய கூத்தை எழுதாமல் தூக்கம் வராது.

மதியம் என் மேசைப் போன் அடித்தது. வழக்கம்போல, "வணக்கம், உங்க பயணம் எங்க பொறுப்பு, சொல்லுங்க" என்றேன். சின்னக் கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு பெண். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று ஒரு பயணி இந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார், சரிபார்க்கிறோம் என்றாள். அவர்கள் கப்பலில் ஆஸ்பத்திரி கிடையாது, துறைமுகமே இல்லாத இடத்துக்கெல்லாம் போகிறது. அதனால் கரையில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

பயணி யார் என்று கேட்டேன். என் பெயரைச் சொன்னாள்.

எண் என்ற கட்டத்தைப் பார்த்தால் கை தானாக ஆபீஸ் எண்ணைத்தான் எழுதும். எழுதித் தொலைத்திருக்கிறேன்.

"அவங்களை உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும்."

"உறவுங்களா?"

"ரொம்ப நாளாத் தெரியும்." வேறு என்ன சொல்வது? நான்தான் அது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"இது ஆபீஸ் எண் மாதிரி இருக்கே. ஞாயித்துக்கிழமை ஏதாவது ஆச்சுன்னா யாரு எடுப்பாங்க? அவங்களுக்குச் சொந்தம்னு வேற யாரும் இல்லைங்களா?"

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

கேட்டுச் சொல்றேனாம்! யாரைக் கேட்பேன்?

ஏப்ரல் 11, சனி

பெரிய கப்பலுக்கே மாற்றிவிடலாம். அங்கே அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் ஏற்றிக்கொள்வார்கள். எத்தனை பேருக்கு நானே விட்டிருக்கிறேன்.

சொந்தம் என்று இருப்பது சின்னவள் ஒருத்தி. என் தங்கை. இரண்டு மணி நேரப் பயணம், ஆறு வருஷமாகப் பேச்சில்லை. சண்டை என்றால்கூடச் சொல்லிக்கொள்ளலாம். சண்டையும் இல்லை. அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது எனக்கு ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. அடுத்த வாரம் போகலாம் என்று, கஸ்டமர்களுக்குப் பூங்கொத்து அனுப்புகிற பட்டியலிலேயே அவள் விலாசத்தையும் சேர்த்துவிட்டேன். அட்டையில் என்ன அச்சடித்திருந்தது என்று நான் பார்க்கவில்லை. "எங்கள் மதிப்புக்குரிய வாடிக்கையாளர் விரைவில் நலம் பெற்று மீண்டும் எங்களுடன் பயணிக்க வாழ்த்துகிறோம்."

ஆஸ்பத்திரியிலிருந்தே கூப்பிட்டாள். "நான் உனக்கு வாடிக்கையாளராக்கா?"

தப்பு நடந்துபோச்சுடி என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நான் என்ன சொன்னேன்? "பூ வந்துச்சில்ல?"

வைத்துவிட்டாள். நானும் கூப்பிடவில்லை. முதல் மாதம் கோபம், பிறகு கௌரவம், பிறகு பழகிவிட்டது.

ஏப்ரல் 12, ஞாயிறு

அவள் எண்ணைப் படிவத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இருந்தால் ஆறு வருஷம் ஆகியிருக்குமா? யாரென்றே தெரியாது என்று சொல்வாள். சொல்லட்டும்.

ஏப்ரல் 16, வியாழன்

பதில் இல்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். இந்த முறை நான் நானாகவே பேசினேன்.

"சரிபார்த்துட்டோம் மேடம், கப்பல் தேதியும் எண்ணும் அவங்களுக்குக் கொடுத்துட்டோம், எல்லாம் சரி. ஒரு சின்ன சந்தேகம். என்ன உறவுன்னு கேட்டதுக்கு அவங்க, 'அவளுக்கு வேற யாரும் கிடையாது, நான் ஒருத்திதான்'னு சொல்லிட்டு வச்சிட்டாங்க. நீங்க எழுதின மாதிரி தங்கைன்னே போட்டுக்கலாங்களா?"

போட்டுக்கோம்மா என்றேன்.

யாரும் கிடையாதாமே! என்ன கொழுப்பு அவளுக்கு! ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் என் மானத்தை வாங்குகிறாள். பாத்ரூமில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். வெளியே வந்து இரண்டு பேருக்கு டிக்கெட் போட்டேன், இரண்டிலும் தேதி தப்பு. அவசரக்குடுக்கை திருத்திக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து சின்னவளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே கட் ஆகிவிட்டது. அவளா? நான்தான்.

ஜூன் 30, செவ்வாய்

கடைசி நாள். கேக், போட்டோ. மேசையைக் காலி செய்தபோது சொந்தச் சாமான் என்று தேறியது ஒரு கத்தரிக்கோலும் ஒரு டம்ளரும்தான். அவசரக்குடுக்கை கட்டிப்பிடித்து அழுதாள். "போய் இறங்கினதும் போன் பண்ணுங்கக்கா." சரி என்றேன்.

ஜூலை 6, திங்கள், கப்பலில்

என் அறையில் இரண்டு கட்டில். ஒன்றின்மேல் பெட்டியை வைத்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் எல்லோரும் நீள மேசைகளில் சேர்ந்துதான் உட்கார வேண்டும். தப்பிக்க வழியில்லை. பக்கத்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும். "தனியாவா வந்திருக்கீங்க?" என்றார் அந்தம்மா. ஆமாம் என்றேன். அவர் ஆச்சரியப்படவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை, ஊறுகாய் வேண்டுமா என்றார். ஆனாலும் சீக்கிரம் எழுந்து வந்துவிட்டேன். பேசிப் பேசியே வாழ்ந்தவள், விற்க ஒன்றும் இல்லாதபோது என்ன பேசுவது என்று தெரியவில்லை.

ஜூலை 8, புதன்

இன்று கப்பலையே நிறுத்திவிட்டேன்.

படகு ஏறும் இடத்தில் ஒரு பலகை. அதில் ஆளுக்கொரு எண் தட்டு ஆணியில் தொங்கும். தீவுக்குப் போகும்போது சிவப்புப் பக்கம் திருப்ப வேண்டும், திரும்பி வந்ததும் பச்சைப் பக்கம். நான் வந்தவள் தட்டைத் திருப்பாமல் அறைக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன். பலகையில் என் எண் மட்டும் சிவப்பு. தீவுக்குத் திரும்ப ஒரு படகை அனுப்பிவிட்டார்கள், ஒலிபெருக்கியில் என் பெயர், கணக்கு வாத்தியார் தொப்பியும் டார்ச்சுமாகத் தேடக் கிளம்பிவிட்டார்.

கடைசியில் அறைக் கதவைத் தட்டி எழுப்பினார்கள். ஓடிப்போய்க் கேப்டனிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஒரு தட்டு சிவப்பா இருந்தாலும் கிளம்ப மாட்டோம்மா. அவ்வளவுதான்" என்றார்.

அறுபத்து மூன்று பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் கடைசி ஆள் எழுந்திருக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 9, வியாழன்

கப்பல் அலுவலகத்துப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அவசரம்னா நாங்கதான் அந்த எண்ணைக் கூப்பிடணும். ஆனா அந்த எண்ணு எங்களைக் கூப்பிடுது."

"என்ன?"

"தினமும் காலையில எட்டரைக்கு. 'எங்கக்கா சாப்பிட்டாளா'ன்னு மட்டும் கேக்கறாங்க. உங்களைக் கூப்பிடட்டுமான்னு கேட்டா, வேண்டாம்னு வச்சிடறாங்க. நேத்து நீங்க காணாமப் போனதைச் சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல. சொல்லிட்டேன். ரொம்பத் திட்டினாங்க மேடம். உங்களைத்தான்."

ஜூலை 10, வெள்ளி

எட்டே காலுக்கே அலுவலக வாசலில் போய் நின்றேன். சமையல்காரர் பார்த்துவிட்டு, "சாப்பிடாம இங்க என்னம்மா பண்றீங்க?" என்றார். அதுவும் சரிதான் என்று ஓடிப்போய் நாலு வாய் போட்டுக்கொண்டு வந்தேன். பொய் சொல்லக் கூடாது பாருங்கள்.

எட்டரைக்கு மணி அடித்தது. அந்தப் பெண் போனை என் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே போனாள். எடுத்தேன். வணக்கம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"சாப்பிட்டேன்டி" என்றேன்.

வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"என்ன சாப்பிட்டே?" என்றாள்.

ஒன்று விடாமல் சொன்னேன்.