வேலியோரக் கத்தரி

மோர்னிங்சைட்,
வைகாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் துஷானிக்கு,

அப்பாவும் நானும் சுகம், ஒல்லாந்து மழையில் நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கக் கந்தனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது, நடக்கச் சொன்னால் மட்டும் திரும்பி வருகிறது. தம்பி மிதுனன் விட்பியிலிருந்து ஞாயிறுகளில் வருகிறான், வந்தாலும் வாரம் முழுக்க ரெயின் ஏறி வேலைக்குப் போய்வந்த களைப்பில் நித்திரைதான். இனி நீ கேட்ட விஷயம். என் கத்தரி விதையை உன் விதைக் கொம்பனிக்குக் கொடுத்தால் குளிர் தாங்கும் புது இனம் எடுப்பார்கள், அதற்கு என் பெயரே வைப்பார்கள், ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு வேறு ஒருவருக்கும் நான் விதை கொடுக்கக்கூடாது என்று எழுதியிருந்தாய். இதனால் உனக்குப் பெரிய பதவி கிடைக்கும் என்பதும் தெரியும், அதனால்தான் இவ்வளவு நாளும் பதில் எழுத மனம் வரவில்லை. மகளே, நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

நீ அனுப்பிய பத்திரத்தில் உருவாக்கியவர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறாய். நான் எங்கே உருவாக்கினேன்? வேறு வேறு கத்தரிகளைப் பக்கத்தில் நடாதீர்கள், தேனீ கலந்துவிடும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய், நானும் அன்ரனெற் அன்ரியும் கேட்டோமா? பொதுத் தோட்டத்தில் எங்கள் இரண்டு துண்டு நிலத்துக்கும் நடுவில் ஒரு வேலிதான், கதைப்பதற்கு வசதியாக இந்தப் பக்கம் என் வெள்ளைக் கத்தரியையும் அந்தப் பக்கம் அவளுடைய ஊதாக் கத்தரியையும் நட்டோம். அடுத்த வருடம் என் விதையில் வரி போட்ட காயோடு ஒரு கன்று வந்தது. "உது உங்கடையும் இல்லை, என்ரையும் இல்லை, பிடுங்கி எறியுங்கோ அக்கா" என்றாள் அவள். நான் பிடுங்கவில்லை. மற்றதெல்லாம் பூவும் பிஞ்சுமாக முதல் உறைபனியில் கருகியபோது, அது அதற்கு முன்பே காய்த்துக் கொட்டிவிட்டது. பிறகு முந்திக் காய்க்கிற கன்றில் நான் விதை எடுத்தேன், கசக்காத கன்றில் அவள் எடுத்தாள், வருடா வருடம் மாற்றிக்கொண்டோம். அவளுடைய நாக்கு இல்லாவிட்டால் அதை ஒருவரும் வாயில் வைத்திருக்கமாட்டார்கள். இப்போது அவளிடமே போய், இனி உனக்கு விதை இல்லை என்று நான் சொல்வதா? அப்படி வருகிற பெயர் எனக்கு வேண்டாம்.

உன் கடிதம் வந்த கிழமையே நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்து வாசலில் மேசை போட்டு, வந்தவர் போனவர் எல்லாருக்கும் அந்த வரிக் கத்தரிக் கன்று கொடுத்தோம். யூனியன்வில்லில் இருந்துகூட ஆட்கள் வந்து வாங்கிப்போனார்கள். இனி நான் மனம் மாறினாலும் பலனில்லை.

அந்தப் பதவி உனக்குக் கிடைக்காமல் போனால் எனக்கும் நெஞ்சு நோகும், போனை எடுத்து என்னை நன்றாகத் திட்டு, கேட்டுக்கொண்டிருப்பேன். கோபத்தில் சாப்பாட்டை மட்டும் விடாதே, இரும்புச்சத்துக் குளிசையையும் போடு. கந்தன் உன்னைக் கைவிடமாட்டான். உன் மனேச்சரிடம் மறக்காமல் ஒன்று சொல்லிவிடு, கத்தரி வேண்டுமென்றால் ஆள் அனுப்பட்டும், மற்றவர்களோடு வரிசையில் நின்றால் கொம்பனிக்கும் ஒரு கன்று கொடுப்பேன்.

உன்னில் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா கனகாம்பிகை