அரை மதிப்பெண்

ஜூன் 9, திங்கள்
லாட்ஜ் மாடியில் மாலை ஆங்கில வகுப்பு. பதினொரு பேர், பாதி ஆட்டோ, பாதி கடை. வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றுவதை விளக்கினேன். துணைவினையை முன்னால் நகர்த்தினால் போதும், எந்த உறுதியும் சந்தேகமாகிவிடும். சொந்த வாழ்க்கையிலிருந்து ஐந்து வாக்கியம் எழுதி மாற்றி வரச் சொன்னேன்.

ஜூன் 10
பௌர்ணமி. மலை சுற்றும் கிரிவலக் கூட்டம், ஊருக்குள் பஸ் இல்லை. வகுப்பும் இல்லை.

ஜூன் 11, புதன்
திருத்தினேன். ஆட்டோக்காரர் வேடியப்பன், 'நான் நியாயமான வாடகை வாங்குகிறேன்' என்பதைக் கேள்வியாக்கியிருந்தார். வகுப்பே சிரித்தது.
அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் எழிலரசிக்கு நாலரை. கடைசியில் கேள்விக்குறி இல்லை. அரை குறைத்தேன். நோட்டைப் பார்த்துவிட்டுப் பெஞ்சிலேயே விட்டுப் போய்விட்டார்.

ஜூன் 16, திங்கள்
எழிலரசி வரவில்லை.
வேடியப்பன் சொன்னார்: "கடை இருந்த மனைய வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் பண்ணிக் குடுத்துட்டாங்க சார். அவங்க அம்மா எழுதி வெச்சது. வித்தது வூட்டுக்காரரு, கையெழுத்து மட்டும் இவங்க."
பெஞ்சில் கிடந்த நோட்டைத் திறந்தேன். இது என் அம்மா தந்த மனை. என் கணவர் இதை விற்கிறார். எனக்கு விருப்பமில்லை. எதிர்ப்பக்கம், கடைசி வரி: வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட வேண்டுமா
அதன் கீழே என் சிவப்பு மை: 'கேள்விக்குறி எங்கே?'

ஜூன் 17
அடி அண்ணாமலை போனேன். கடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எழிலரசி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.
"வூட்ல யாருக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது சார். அதான் அதுல எழுதினேன். நீங்க ஏதாவது எழுதியிருப்பீங்கன்னு திறந்து பார்த்தேன். மார்க் இருந்துச்சு."
கோபமாகக்கூடச் சொல்லவில்லை.
போடாதீங்கம்மான்னு ஒரு வரி எழுத என்ன கேடு எனக்கு? படிச்சாத்தானே எழுதறதுக்கு — திருத்தினேன், படிக்கல. இருபத்தாறு வருஷமா இப்படித்தானா?

ஜூன் 18
பழைய நோட்டுகள் எதுவும் என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒழுங்கான ஆசிரியர்.

ஜூலை 14, திங்கள்
எழிலரசி வந்தார். அந்த மனையின் வேலிக்கு வெளியே தள்ளுவண்டியில் டீ போடுகிறாராம். பௌர்ணமிக்கு நல்ல வியாபாரமாம். புது நோட்டு. ஐந்து கேள்விகள்: உங்களுக்கு டீ வேண்டுமா? சர்க்கரை கம்மியாகப் போடட்டுமா? கோயிலுக்குப் போய்விட்டு வருகிறீர்களா? இப்படி.
ஒவ்வொன்றிலும் கேள்விக்குறி இருந்தது.
இரண்டு முறை படித்தேன். என்னிடம் கேட்பதாக ஒன்றும் இல்லை. ஐந்துக்கு ஐந்து போட்டுக் கொடுத்தேன்.