ஆளுக்கொரு போர்வை

கார்த்திகை 3, செவ்வாய்

மலைக்காற்று இறங்கிவிட்டது. ஊரே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. எனக்கு மட்டும் ராத்திரியானால் உடம்பு அனலாகக் கொதிக்கிறது. மாதவிடாய் நிற்கிற வயதில் இப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். வீட்டுக்காரரிடம் அதைச் சொல்ல இத்தனை நாளும் எனக்கு வாய் வரவில்லை.

இன்று சின்னமனூர் கடையில் அவர் வழக்கம்போல இருவருக்கும் சேர்த்து ஒரு பெரிய கம்பளியை எடுத்தார்.

"எனக்கு அது வேணாங்க. தனியா ஒரு பருத்திப் போர்வை போதும்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. இரண்டையும் வாங்கினார். பஸ் ஏறினோம். மார்க்கையன்கோட்டை வயல்கள் வந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"செல்வி, எம்மேல ஏதும் கோவமா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"உங்களுக்குக் குளிருது, எனக்கு வேகுது. என் வயசு அப்படி. ராத்திரி பூரா நான் போர்வைய உதறுனா நீங்க எப்படித் தூங்குவீக?"

அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்."

சாப்பிட்டதும் அவரே படுக்கையை விரித்தார். ஜன்னலோரத்தை எனக்கு விட்டு, ஜன்னலின் ஒரு கதவைத் திறந்தும் வைத்தார். இப்போது கம்பளிக்குள் முகத்தில் மூக்கு மட்டும் தெரியத் தூங்குகிறார். ஈர வயலின் வாசனை உள்ளே வருகிறது. பருத்திப் போர்வை வாய்க்கால் தண்ணீர் மாதிரி கால்மேல் நழுவுகிறது. கட்டிலே மெல்ல மிதந்து போவதுபோல் இருக்கிறது. கம்பளிக்கு வெளியே நீண்ட அவர் கை என் போர்வையின் ஓரத்தைப் பிடித்திருக்கிறது. விளக்கை அணைக்க எழுந்தால் விழித்துவிடுவார். எரியட்டும்.