பதினேழாவது வாக்கியம்

ஜூன் 11, செவ்வாய்

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். மண்டைக்குள் ஒரே சொல். பினாங்குச் சீனர்கள் பேசும் ஹொக்கியனில் ‘ஹோ’ என்றால் கொடு. சோறு கொடு, சாவி கொடு. அதே சொல் ‘அவனைப் போக விடு’ என்பதில் விடு ஆகிறது. நாய் கடித்தால் ‘அவன் – கொடு – நாய் – கடி’ என்கிறார்கள். நாம் அடி வாங்குகிறோம், அங்கே அடிபடுகிறவன் பக்கத்தில் ‘கொடு’ நிற்கிறது. இன்னொரு சீன மொழியான கான்டனீசில் ‘கொடு’வுக்கு வேறு சொல், அதுவும் இதே வழியில் போயிருக்கிறது.

எந்தப் பண்டிதனும் உட்கார்ந்து செய்ததல்ல இது. மீன் விற்றவர்களும் மூட்டை தூக்கியவர்களும் பேசிப் பேசியே ஒரு வினையை இலக்கணமாக்கியிருக்கிறார்கள். எப்படி?

ஜூன் 13

அம்மா பேசிய பதிவை என் நெறியாளர் ஜேக்கப் சார் திருப்பித் தந்துவிட்டார். பினாங்குச் சாப்பாட்டுக் கடையில் ஒன்பது வருடம் பாத்திரம் கழுவிக் கற்றது சான்றாகாதாம். தாய்மொழியாகப் பேசுகிறவர் வேண்டும். ஜூலை 1க்குள் இருபது வாக்கியம் இல்லையென்றால் என் ஆய்வுத் தலைப்பு போய்விடும்.

“உங்க அரியமங்கலத்துப் பேச்சையே எடுத்துக்கோங்கம்மா. உங்களுக்கு அதுதான் வரும்.”

உங்களுக்கு! யாருக்கு? அவர் சொன்ன விதி சரிதான். அதுதான் எரிச்சல்.

ஜூன் 16, ஞாயிறு

அந்தக் கடையில் சமையல் செய்த கியோக் லானுக்கு அம்மா ஆறு வருடம் கழித்து ஃபோன் போட்டாள். இருவரும் கடகடவென்று பேசியதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. நடுவில் அம்மா குரல் தாழ்ந்தது, பிறகு சிரித்தாள். ஹாஸ்டல் மெஸ்ஸில் தலை நிமிராமல் தோசை ஊற்றும் பொன்னுத்தாயா இது? இன்னொருத்தி. இத்தனை நாள் என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

என் கேள்விப் பட்டியல் முழுக்கக் கேடுகள்: திருடன், நாய், மழை. இந்த அமைப்பை வரவழைக்க அப்படித்தான் கேட்பது வழக்கம். அம்மா கேட்கக் கேட்கப் பதினாறு வாக்கியம் வந்துவிட்டது. பதினேழைக் கேட்காமல் தாண்டினாள்.

“இது வேணாம் மேகலா.”

ஃபோனைப் பிடுங்கி என் புத்தக உச்சரிப்பில் நானே கேட்டேன்: ‘உங்கள் மகனை வண்டி இடித்தது – எப்படிச் சொல்வீர்கள்?’

அந்தப் பக்கம் ஃபோனை வைத்துவிட்டார்.

“அவ பையன் லாரில அடிபட்டுச் செத்து மூணு வருஷமாச்சாம். இப்பத்தான சொன்னா? அந்த பாஷையில டாக்டர் பட்டம் வாங்கப் போறவ நீ. காது எங்கடி போச்சு?”

ஜூன் 17

நேற்றைய பதிவை மறுபடி கேட்டேன், அம்மா குரல் தாழ்ந்தது அந்த இடத்தில்தான்.

ஜூன் 23, ஞாயிறு

கியோக் லானே கூப்பிட்டார், அம்மாவை. அம்மா ஸ்பீக்கரில் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். நாற்பது நிமிடம் மகனைப் பற்றியே பேசினார். நான் பதிவு செய்யவில்லை.

அன்று காலை அவனுக்குக் கஞ்சி கொடுத்தாராம். மழையில் போக விட்டாராம். லாரி இடித்ததாம். மூன்றிலும் ஹோ, ஹோ, ஹோ. அவருக்கு மூன்றும் வேறு வேறு, எனக்கும் தெரியும். ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. சோறு போடுகிற சொல்லே சாவையும் சுமந்து வருகிறது, கொஞ்சமும் தடுக்காமல். அதை நான் வெறும் எண் போட்டு வைத்திருந்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியம் அம்மாவிடம் சொல்லிப் பழகினேன். ஃபோனில் அதைக் கேட்டு கியோக் லான் சிரித்துவிட்டார். நான் பேசுவது டிவி செய்தி மாதிரி இருக்கிறதாம். பதினேழை எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் சொன்ன பதிலைத் தப்பாக எடுத்துக்கொள்வேனோ என்று பயந்து அம்மாவைப் பார்த்தேன்.

“எழுதிக்கச் சொல்றா. ஆனா ஒருத்தி மவன்னு போடக் கூடாதாம். பேரு போடணுமாம்.”

பதினேழையும் மீதி மூன்றையும் அவரே சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.

ஜூலை 1, திங்கள்

ஆய்வு விதிப்படி பெயர் எதுவும் வரக் கூடாது, எண் மட்டும்தான். ஜேக்கப் சார் இருபதையும் படித்து, பதினேழில் நின்று, கியோக் லான் மகன் பூன் ஹாக்கின் பெயரை நீக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். அவன் அம்மாவே கேட்டது என்று சொன்னேன்.

“கமிட்டியில கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேன் சார்.”

கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பித் தராமல், அந்தப் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டார்.