வெள்ளிக்கிழமைப் பால்

சிவமயம்

வெள்ளவத்தை,
12.06.1998

அன்பு மகன் சிறீகரன் அறிவது, இங்கே நானும் மருமகள் அருந்ததியும் பேரன் துவாரகனும் சுகமாயிருக்கிறோம், நீயும் ஒஸ்லோவில் நோய்நொடியில்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். போன மாதம் நான் எழுதின கடிதத்தைக் கிழித்துப் போடு. பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிக்கிறது, உன் மனுசிக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று எழுதியிருந்தேன், நீயும் அதை நம்பி டெலிபோனில் அவளை ஏசினாய். டெலிபோன் கதைக்கிற கொமியூனிகேசன் கடையில் இருந்து அவள் கண் சிவந்து வீட்டுக்கு வந்ததைக் கண்டும் நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன்.

பால்மா ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் மூன்று மாதத்துக்கு முந்தியே நிறுத்திவிட்டாள். நான்தான் வெள்ளிக்கிழமைகளில் கோவிலில் இருந்து அபிஷேகப் பால் கொண்டுவந்து, அவள் குளிக்கிற நேரம் பார்த்து ஒரு கரண்டி பருக்கினேன். சுவாமிக்கு வார்த்த பால் பிள்ளையை என்ன செய்யும் என்ற எண்ணம். இரத்தத்தை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று, செக்பொயின்டில் ஆமிக்காரன் ஓட்டோவை மறித்துப் பொலிஸ் பதிவுத் துண்டைக் காட்டச் சொல்லி வெயிலில் நிற்பாட்டினான், பிள்ளை வீரிட்டபடியே போய்ச் சேர்ந்தோம். பசுப்பாலுக்கு அளவு கூடவாய்க் காட்டுது, ஆனால் கடதாசியை மட்டும் வைச்சு முடிவு சொல்ல ஏலாது, பால் உள்ளுக்குப் போய் எவ்வளவு நேரத்தில் என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ என்று டொக்டர் கேட்டார். மூண்டு மாசமாய் ஒரு சொட்டுக்கூடக் குடுக்கேல்லை, எண்டாலும் வெள்ளிக்கிழமையில தடிக்குது டொக்டர் என்றாள் அருந்ததி. நான் பக்கத்தில்தான் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அப்படியெண்டால் பாலோடு பருப்பையும் கோதுமை மாவையும் நிறுத்திப் பாருங்கோ என்று அனுப்பிவிட்டார்.

பயத்தில் நானும் கரண்டியை விட்டேன். இரண்டு வெள்ளி ஒன்றும் தடிக்கவில்லை. பருப்புத்தான் குற்றம் என்று அவள் எவ்வளவு சந்தோசப்பட்டாள் தெரியுமா. பிள்ளையோ வெறுஞ்சோறு தின்று மெலிந்துபோனான். நேற்று அவள் வந்து, பாலில குற்றமில்லை மாமா, பிறந்தநாளுக்குப் பால் விட்டுப் பாயாசம் காய்ச்சிக் குடுத்துப் பாப்பம் என்றாள். ஒரு கரண்டிக்கே உதடு வீங்கினதைப் பார்த்தவன் நான். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே டொக்டரிடம் போனாள். பால்தான் குற்றம், மற்றதெல்லாம் குடுக்கலாம் என்றாராம் அவர். இனிப் பாலும் தயிரும் நெய்யும் வீட்டுக்குள் வராது, பருப்பு இன்று மத்தியானமே கொடுத்தாயிற்று, இரண்டு கையாலும் அள்ளித் தின்றான்.

இதை அவள் உனக்குச் சொல்ல மாட்டாள் என்றபடியால் நான் எழுதுகிறேன். வழமைபோல ஞாயிறுகளில் பத்து மணிக்குக் கொமியூனிகேசன் கடையில் நிற்பாள், இந்தக் கடிதம் கிடைத்து வருகிற ஞாயிறு மறக்காமல் எடுத்து முதலில் மன்னிப்புக் கேள், பிழை அப்பாவுடையது என்று உன் வாயால் சொல். முந்தியெல்லாம் பிள்ளையை என் மடியில் தந்துவிட்டுக் குளிக்கப் போவாள். இன்றும் தந்தாள், ஆனால் திருப்பி வாங்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.

நீங்கள் மூவரும் கெதியில் ஒன்றாய்ச் சேர்ந்து வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவபாதசுந்தரம்