சுல்மாவின் சதுரம்

மெலோ, ஜூலை, ஞாயிற்றுக்கிழமை

யனினாவுக்கு,

இங்கே நானும் உன் பெரியம்மா நெலிடாவும் சுகம். நீயும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அங்கே சுகமென்றே எடுத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு இப்படியொரு கடிதம் எழுதத் தெம்புள்ளவளுக்கு உடம்பில் ஒரு குறையும் இருக்காது. சுல்மாவின் சதுரம் இல்லாத போர்வை எனக்கு வேண்டாம், அனுப்பவே அனுப்பாதே என்று எழுதியிருக்கிறாய். நாலு வருடத்துக்கு முன்னால் உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனவளின் கைவேலையை என் கையாலேயே கோத்து என் பேரப்பிள்ளைக்கு அனுப்பச் சொல்கிறாய். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள்தானே பார்த்துக்கொண்டாள் என்று வேறு கேட்கிறாய். பார்த்துக்கொள்ளட்டும், அதற்குத்தானே கூட்டிப் போனாள்.

முதல் பிள்ளைக்கு இரண்டு பக்கத்துப் பெண்களும் ஆளுக்கொரு கம்பளிச் சதுரம் குரோஷாக் கொக்கி ஊசியால் பின்னித் தருவதும், பெண்ணைப் பெற்றவள் அவற்றை இணைப்பதும் நம் வீட்டு வழக்கம். பின்னிய கைகள் பிள்ளையைக் காக்கும் என்பார்கள். நான் வேதியியல் சொல்லித் தருகிறவள்; கம்பளி குளிரைத் தடுக்கும், அதற்கு மேல் அதனிடம் நான் எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஆனாலும் உனக்காக ஒவ்வொருத்தியிடமும் கேட்டு வாங்கினேன். உன் மாமியார் ஸ்வீடனிலிருந்து அனுப்பியது மீன்வலை மாதிரி தொளதொளவென்று இருந்தது. அதையும் முகம் சுளிக்காமல் ஈரமாக்கி, மற்றவற்றோடு பலகையில் குண்டூசி குத்திக் காயவைத்து அளவுக்குக் கொண்டுவந்தேன்.

போன வாரம் சுல்மா நேரிலேயே வந்துவிட்டாள். நெலிடா அவளுக்கும் மாத்தே தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், அதை நான் மறக்கப்போவதில்லை. அவள் கொண்டுவந்த சதுரம் மற்றவற்றைவிட இரண்டு விரற்கடை சிறியது. அவளுக்கு இறுக்கமான கை, நூலைக் கழுத்தை நெரிப்பதுபோல்தான் பிடிப்பாள். ஈரமாக்கி இழுத்தாலும் இளகிக் கொடுக்காது. அதை அப்படியே சேர்த்தால் சுற்றிலும் சுருங்கிப் போர்வை நடுவில் குழிந்துவிடும். இன்னொரு சுற்று பின்னினால்தான் சரியாக உட்காரும். நீயே போட்டுக் கொடு என்றேன். "எம் பங்கு முடிஞ்சுது. எல்லாரோடதையும் சரிகட்டுறவ நீதானே டீச்சரம்மா, என்னோடதுக்கும் ஒரு சுத்து போட்டா கையா தேஞ்சுடும்?" என்றாள். உன் கண்ணிக்குள் என் ஊசி நுழையாது என்றேன். "இர்மா, போர்வை பிள்ளைக்கா, இல்ல வால்டருக்கா?" என்று உன் அப்பாவை நடுவில் இழுத்தாள். "வால்டருக்குப் போத்திவிடத்தான் நீ இருக்கியே" என்றேன். நெலிடா சிரித்த சிரிப்பில் மாத்தே பாவாடையெல்லாம் கொட்டியது. சுல்மா போன பிறகு அதே நெலிடா, "புருஷனையே தூக்கிக் குடுத்துட்ட, ஒரு சாண் எடம் குடுக்கமாட்டியாடி?" என்று என்னையே கேட்கிறாள். உன் கட்சிக்கு ஆள் இங்கேயும் இருக்கிறது, சந்தோஷப்படு.

ஆக, நான் செய்திருப்பது இதுதான். மற்ற எல்லாவற்றையும் கருநீல நூலால் இணைத்துவிட்டேன். நடுவில் ஒரு சதுரத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. சுல்மாவுடையது அதே பொட்டலத்தில் தனியாக இருக்கிறது, கூடவே ஒரு ஊசியும் மிச்ச நூலும். வேண்டும் என்றவள் நீ. அந்தச் சுற்றை நீயே பின்னி, நீயே சேர்த்துக்கொள். பின்னத் தெரியாது என்று எழுதாதே, உனக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சேர்த்த பிறகு எனக்குப் படம் அனுப்ப வேண்டாம். சேர்க்காவிட்டால் பிள்ளை அந்த ஓட்டையில் காலை நீட்டிக்கொள்ளட்டும். எதுவானாலும் போர்வையைத் திருப்பி அனுப்பினால் நான் தபால் நிலையத்தில் போய் வாங்கமாட்டேன்.

வெந்நீரில் துவைக்காதே, கம்பளி கெட்டித்துப் போகும். ஈரத்தரையில் பார்த்து நட. சுகமாகப் பெற்றெடு, இரண்டு உயிரும் நன்றாக இருக்கட்டும், கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவருக்கு இது ஒன்றும் பெரிய வேலையில்லை. வலி எடுத்ததும் தொலைபேசியில் சொல். அங்கே எந்த நேரமானாலும் சரி. சுல்மாவுக்கு முன்னால் எனக்குச் சொல்.

உன் அம்மா,
இர்மா