இதைவிட மோசமாகப் பார்த்திருக்கிறார்

ஏப்ரல் 24, வெள்ளி

காலையில் முட்டை தீய்ந்தது. மிக்கில்கூம் கிராமம் உண்டான நாளிலிருந்து இப்படியொரு தீய்ச்சலை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். புகையைப் பார்த்துப் பக்கத்து ஊரில் கோயில் மணி அடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

காரணம் டாம்சினின் தொலைபேசி அழைப்பு. என் அக்கா மகள். அக்கா போனபிறகு இந்த வீட்டில், இந்த ஆஸ்பர்ட் பென்னிகாட்டின் நேரடி ஆட்சியின் கீழ் வளர்ந்தவள். இப்போது பக்கத்து ஊரில் வேலை. ஜூனில் கல்யாணம். மாப்பிள்ளை ராபின், வடக்கே யார்க்‌ஷயர் மலைப்பக்கத்து ஆட்டுப்பண்ணைக்காரன். நல்ல பையன். தலை மட்டும் என் வீட்டு வாசல் நிலையில் வாரம் ஒருமுறை இடிக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே தங்கி, குதிரைக் குன்றின் மேய்ச்சலில் ஆடு வளர்க்க அவனுக்கு ஆசை. ஆனால் ஆடுகள் அவன் அப்பாவுடையவை. அந்த ஏமோஸ் த்வெயிட் ஞாயிற்றுக்கிழமை வந்து ஊரைப் பார்க்கப் போகிறாராம். பிடித்துப்போனால் மந்தையில் பாதி தெற்கே வரும். பிடிக்காவிட்டால் டாம்சின் வடக்கே போவாள்.

"சுத்திக் காட்டுற பொறுப்பு உங்களுக்குத்தான் மாமா. ஆனா கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்றாள்.

அடக்கி வாசிப்பதா? சூரியனிடம் போய்க் கொஞ்சம் திரியைக் குறைத்துக்கொள் என்பார்களா?

ஏப்ரல் 26, ஞாயிறு

சம்பந்தி வந்து இறங்கினார். எலும்பும் தொப்பியுமாக ஒரு மனிதர். முகம் என்பது சாத்திய கதவு. ரயிலடியில் நான் தயாரித்து வைத்திருந்த வரவேற்புரை மூன்றாம் வாக்கியத்தைத் தொடுமுன், "பெட்டிய நானே தூக்கிக்கிறேன்" என்றார்.

'மூன்று வாத்து' பப்பின் மாடியில் அறை. கடை நடத்தும் வின்னி என்னை ஓரமாக இழுத்து, "இவர் பேசுவாரா, இல்ல நீங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசப்போறீங்களா?" என்று கேட்டாள்.

நேரே கோயில் தோட்டத்து யூ மரத்துக்கு அழைத்துப்போனேன். நடுவில் பொந்து விழுந்த கிழட்டு மரம். ரோமானியப் படை வந்தபோதே இதற்குப் பல் விழுந்துவிட்டது, அவர்கள் இதனிடம் ஆசி வாங்கிக்கொண்டுதான் நாட்டையே பிடித்தார்கள் என்றேன். பொந்துக்குள் போனார். வெளியே வந்தார்.

"உள்ள கொஞ்சம் இடுக்கம்."

எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பரவாயில்ல."

பரவாயில்லையா! எங்கள் மரமா!

ஏப்ரல் 27, திங்கள்

எண்ண முடியாத கற்கள். வயல் நடுவே வட்டமாக நிற்பவை. எத்தனை முறை எண்ணினாலும் ஒரே கணக்கு வராது என்பது ஊர் நம்பிக்கை. எண்ணப் போன ஒரு வாத்தியார் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார், தாடி மட்டும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிறது என்றேன்.

ஏமோஸ் ஆட்டை எண்ணுவதுபோல் எண்ணத் தொடங்கினார். அவர்கள் பக்கத்து இடையர்களுக்கென்று தனி எண் உண்டு: யான், டான், டெதெரா... ஒரு சுற்று முடித்தார். நின்றார். மறுபடி சுற்றினார். புருவம் நெளிந்தது. மூன்றாவது சுற்றும் போனார். எனக்கு உள்ளுக்குள் வாணவேடிக்கை.

"ஒண்ணு எங்கயோ மேயப் போயிருக்கு" என்றார்.

இது ஜோக்கா? முகத்தைப் பார்த்தேன். கதவு. தாழ்ப்பாளும் போட்டிருந்தது.

பிடித்ததா என்று கேட்டேன். பரவாயில்லையாம்.

ஏப்ரல் 28, செவ்வாய்

மழை. நோவாவின் மழை இதன் முன் வெறும் தூறல். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பன்றிக்கறி அடைத்த மூன்று அப்பம் தின்றார். அதுவும் பரவாயில்லையாம். வின்னி சமையலறைக் கதவை அறைந்து சாத்தினாள்.

ஏப்ரல் 29, புதன்

மடத்தின் இடிபாடு. கூரையில்லாத வளைவுகள் வழியே வானம் இறங்கி நிற்கும். தலையில்லாத துறவி ஒருவர் இங்கே உலவுகிறார், தலையை அக்குளில் வைத்துக்கொண்டு பாடுவதால் குரல் கொஞ்சம் கமறும் என்று விளக்கினேன். ஏமோஸ் அண்ணாந்து பார்த்தார்.

"கூரை ஒழுகாது."

அவ்வளவுதான்! எண்ணூறு வருஷக் கல்லுக்கு இவர் தந்த சான்றிதழ்!

பிறகு நீலமணிக் காடு. வருஷத்தில் இந்தச் சில நாள்தான் மரத்தடியெல்லாம் நீலப்பூ பொங்கிக் கிடக்கும். நானே வாயை மூடிக்கொள்ளும் ஒரே இடம் இது. கடல் வழி தவறிக் காட்டுக்குள் வந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லிவிட்டு மூடிக்கொண்டேன். ஏமோஸ் தொப்பியைக் கழற்றினார். தலை அரித்திருக்கும். வெகுநேரம் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நீலமா இருக்கு" என்றார்.

ஆமாம் ஐயா. பார்வை இருக்கிறது உமக்கு. வேறு என்ன இருக்கிறது?

சாயங்காலம் டாம்சின் வந்தாள். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று குடைந்தாள். சிரித்துச் சமாளித்தேன். அவளுடைய கம்பளிச் சட்டை மாட்டும் ஆணி வாசலில் இருக்கிறதே — அதில் வேறு என்ன மாட்டுவது? என்ன கேள்வி இது. தூங்கு, ஆஸ்பர்ட்.

ஏப்ரல் 30, வியாழன்

ஒழிந்தது. எல்லாம் ஒழிந்தது. நானே ஒழித்தேன்.

கடைசி ஆயுதம், வெள்ளைக் குதிரை. குன்றின் சரிவில் புல்லைச் செதுக்கி, வெள்ளைச் சுண்ணக்கல் நிரப்பி, நம் முன்னோர் வரைந்த குதிரை. (மரநாய் என்பவர்களும் ஊரில் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.) ஏழு பூதங்கள் ஒரே ராத்திரியில் வெட்டியது, பௌர்ணமிக்கு இறங்கிவந்து ஓடையில் தண்ணீர் குடிக்கும், குடித்த மறுநாள் மூன்று மாவட்டங்களில் குழாய் வறண்டுவிடும் என்றேன். குதிரையின் கண்மேல் நின்று ஒன்றை நினைத்தால் நடக்கும் என்றும் சொன்னேன். அது ஒன்றுதான் பொய்யில்லை, ஊரே நம்புவது.

கண்மேல் ஏறி நின்றார். பிறகு ஓரமாக மண்டியிட்டு, ஒரு பிடி புல்லைப் பிடுங்கி வாயில் போட்டு மென்றார். பள்ளத்தாக்கு முழுக்க வெயில். வானம்பாடி ஒன்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. மென்று துப்பிவிட்டு வாயைத் திறந்தார்.

"இதவிட மோசமா பாத்திருக்கேன்."

எங்கள் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரி சுட்ட கேக் கல்லாகிவிட்டால், அவள் மனம் நோகாமலிருக்கச் சொல்லும் வார்த்தை அது. எங்கள் குதிரைக்கு! 'பரவாயில்ல'கூட இல்லை இப்போது!

பப்பில் மத்தியானச் சாப்பாடு. இரண்டாவது கோப்பை ஆப்பிள் சைடர் உள்ளே போனதும் என் நாக்கு அவிழ்த்துக்கொண்டது.

"ஆட்டோட பேசிப் பேசி மனுஷ பாஷையே மறந்துபோச்சா உங்களுக்கு? புடிக்கலைன்னா நேரா சொல்லிட்டு, மந்தையையும் மகனையும் கூட்டிக்கிட்டு உங்க மலைக்கே போய்ச் சேருங்க."

பப்பே நின்றுபோனது. பலகையில் அம்பு எறிந்து விளையாடிக்கொண்டிருந்தவன் கையில் அம்போடு அப்படியே நின்றான். ஏமோஸ் தட்டில் கத்தியையும் முள்கரண்டியையும் ஒழுங்காகச் சேர்த்துவைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மாடிக்குப் போனார்.

"வாய்க்கு ஒரு கதவு வையுங்க பென்னிகாட்" என்றாள் வின்னி. "அவர்கிட்டயே ஒண்ணு கடன் கேளுங்க."

மே 1, வெள்ளி

பொழுது விடிந்ததும் டாம்சின் வந்தாள். கோபமாக வந்தவள், நடந்ததை ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பா அழுகையா என்று எனக்கே பிடிபடவில்லை.

"அவரு அப்படியா சொன்னாரு? 'இதவிட மோசமா பாத்திருக்கேன்'னு?"

"அதேதான்."

"மாமா, ராபின் பொறந்தப்ப தொட்டில்ல பாத்துட்டு அவரு சொன்னது அது. அதுக்கப்புறம் வேற எதுக்கும் சொன்னதில்லையாம். அவங்க ஊர்ல அதுக்கு மேல வார்த்தையே கெடையாது."

பரவாயில்ல என்றால் அங்கே பிரமாதம் என்று அர்த்தமாம். தொப்பியைக் கழற்றுவது கோயிலிலும் சாவு வீட்டிலும் மட்டும்தானாம். நேற்று காலையிலேயே, கல்யாணத்துக்குப் பின் ஆடு அனுப்ப லாரி கிடைக்குமா என்று ஊருக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டாராம்!

தரை விலகி என்னை விழுங்கும் என்று காத்திருந்தேன். விழுங்கவில்லை. எங்கள் தரை மரியாதை தெரிந்தது.

"இப்ப பெட்டி கட்டிட்டாரு" என்றாள். "வேண்டாதவங்க ஊர்ல என் ஆடு மேயாதுன்னு ராபின்கிட்ட சொல்லிட்டாரு. பஸ் நிறுத்தத்துல நிக்கிறாரு."

ஓடினேன். இங்கிலாந்தின் தென்பாதியில் அப்படி ஒரு ஓட்டத்தைப் பசுக்கள்கூடக் கண்டதில்லை. மேய்வதை நிறுத்திவிட்டு வரிசையாக நின்று பார்த்தன. வேலியோரமெல்லாம் மன்னிப்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓடினேன். அதில் மூன்று உவமைகள், ஒரு பழமொழி, முடிவில் கண்ணீருக்கு இடம்.

நிறுத்தத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. வாயைத் திறந்தேன். கையைத் தூக்கித் தடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொண்ணு வடக்க வந்துட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

எப்படி இருக்கும்? ஆறு மலையேறும், குதிரை குன்றை விட்டு இறங்கிப் போய்விடும், கோயில் மணி வெடிக்கும் — எல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் வாசலில் இருக்கும் அந்த ஆணிதான் கண்ணில் நின்றது.

"நல்லா இருக்காது" என்றேன்.

பஸ் வந்தது. கதவு திறந்தது. ஏமோஸ் ஓட்டுநரைப் பார்த்து, "நீ போப்பா" என்றார்.

பஸ் போய்விட்டது. 

"அந்தக் குன்னுப் புல்லு தின்னு ஆடு சாகாது" என்றார்.

இத்தனை பெரிய புகழ்ச்சியை என் ஆயுளில் நான் கேட்டதில்லை. பெட்டியை நான் தூக்கினேன். இம்முறை விட்டுவிட்டார்.

ஜூன் 20, சனி

கல்யாணம். நான் அழவில்லை. கண்ணில் வந்தது தேம்ஸ் நதி, அவ்வளவே. பெண்ணைப் பார்த்து ஏமோஸ், "அவ சமாளிப்பா" என்றார். வடக்கிலிருந்து வந்த கூட்டம் மொத்தமும் கைக்குட்டையை எடுத்தது. நானும் எடுத்தேன். இப்போதெல்லாம் எனக்கு அந்த பாஷை புரிகிறது.

ஆகஸ்ட் 29, சனி

குதிரை துலக்கும் நாள். வருஷம் ஒருமுறை ஊரே குன்றேறி, குதிரையின் உடம்பில் புதுச் சுண்ணக்கல் கொட்டிச் சுத்தியலால் இடிக்கும். ஏமோஸ் இதற்கென்றே வடக்கிலிருந்து வந்திருக்கிறார். சொந்தச் சுத்தியலோடு. கண்பக்கம் நானும் அவருமாக மண்டியிட்டு இடித்துக்கொண்டிருந்தோம். தலையிலிருந்து கால்வரை இருவரும் மாவில் புரட்டிய மீன்கள்.

நகரத்திலிருந்து வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும் மேலேறி வந்து, இதை யார் வெட்டினார்கள் என்று கேட்டார்கள். மார்பை விரித்து வாயைத் திறந்தேன். சுண்ணத்தூள் உள்ளே போய் இருமல். என் வாழ்நாளின் மிகப் பெரிய இருமல். அதுவும் இந்த நேரத்திலா?

ஏமோஸ் தலை நிமிராமல் இடித்துக்கொண்டே சொன்னார்.

"பூதம். ஏழு பேரு. ஒரே ராத்திரியில. இவரு தாத்தாதான் அவங்களுக்குச் சோறு கொண்டுபோனவரு."

அந்த முகத்தை யாரால் சந்தேகிக்க முடியும்? இரண்டு பேரும் பவ்வியமாகத் தலையாட்டி, எனக்கு ஒரு வணக்கமும் வைத்துவிட்டு இறங்கிப்போனார்கள்.

ஏமோஸ் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். குன்றின் விளிம்பில் ஆடுகள் ஏறி வந்துகொண்டிருந்தன. பின்னால் டாம்சினின் சீழ்க்கை.

"இதவிட மோசமா கேட்டிருக்கேன்" என்றேன்.

தொப்பியைக் கழற்றினார்.